கிரேக்கர்கள் போன இடமெல்லாம் திரை கட்டுகிறார்கள்

அக்டோபர் வந்துவிட்டால் என் சித்தப்பா மகள் மெல்போர்னிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்புவாள். அந்த ஆண்டு அங்கே நடக்கும் கிரேக்கத் திரைப்பட விழாவில் என்னென்ன படம், எந்தத் தியேட்டர், எத்தனை மணிக் காட்சி என்ற பட்டியல். இங்கே மன்னார்குடியில் அப்போது சம்பா நடவு மும்முரமாக இருக்கும், வானம் மூடிக்கொண்டிருக்கும், நான் அந்தப் பட்டியலை வரி விடாமல் படிப்பேன். மாசி பங்குனியில் அறுவடை முடிந்து, வயலில் உளுந்து நிற்கிற நாட்களில் எங்கள் மொட்டை மாடியில் திரை கட்டிப் படம் போடுகிறோமே, அதற்கு என்ன படம் என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவாகிறது. டிவிடியாக, அவள் ஊருக்கு வரும்போது கொண்டு வருவாள்.

தஞ்சாவூர்க்காரனுக்குக் கிரேக்கப் படத்தில் என்ன இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த விழாவை நடத்துவது யார் என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் இதற்குப் பின்னால் நிற்கும் முக்கியமான அமைப்பு மெல்போர்ன் கிரேக்கச் சமூகச் சங்கம். 1897-இல் தொடங்கிய சங்கம் அது. கிரேக்க மொழிப் பள்ளிகள் நடத்துகிறது, லான்ஸ்டேல் தெருவில் தெருவிழா நடத்துகிறது, அதோடு கூட சினிமாவையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மெல்போர்ன், சிட்னி என்று நகரம் நகரமாக அக்டோபரில் படங்கள் ஓடுகின்றன. ஆஸ்திரேலியாவில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2004-இல் தொடங்கினார்கள், லாஸ் ஏஞ்சலஸில் 2007-இல், லண்டனில் 2008-இல். நியூயார்க், சிகாகோ, பெர்லின் என்று எங்கெல்லாம் கிரேக்கர்கள் போய்க் குடியேறினார்களோ அங்கெல்லாம் யாராவது நாலு பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒருமுறை திரை கட்டிவிடுகிறார்கள். தாய்நாட்டில் தெசலோனிகி நகரத்தில் 1960-இல் கிரேக்க சினிமா வாரம் என்று தொடங்கியது 1992-இல் சர்வதேச விழாவாகவே மாறிவிட்டது. நாட்டின் மொத்த ஜனத்தொகையோ ஏறக்குறைய ஒரு கோடிதான்! நம் தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு.

அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போன கதை நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போர், அதன் பிறகு உள்நாட்டுப் போர், பஞ்சம், வேலையில்லை. பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறினார்கள். 1959 டிசம்பரில் பேட்ரிஸ் என்ற கப்பல் அங்கிருந்து முதல்முறையாக சிட்னிக்குக் கிளம்பியது, அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிக்கொண்டே இருந்தது. நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் தாத்தாக்களின் பெட்டியும் படுக்கையும் எப்படி இருந்திருக்குமோ அதேதான் அந்தப் பேட்ரிஸ் கப்பலின் பழைய புகைப்படங்களிலும் தெரிகிறது, கயிறு கட்டிய டிரங்குப் பெட்டி உட்பட.

என் தங்கச்சி குடியிருப்பது ஓக்லி பக்கம். கிரேக்கக் கடைகள் நிறைந்த பகுதி. பக்கத்து வீட்டில் ஒரு கிரேக்கப் பாட்டி, அறுபதுகளில் வந்தவர், இவளைத் தியேட்டருக்கு முதலில் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். அந்தப் பாட்டி வந்த புதிதில் மெல்போர்னில் கிரேக்கப் படங்களுக்கென்றே தியேட்டர்கள் இருந்தன. செயின்ட் கில்டாவில் இருக்கும் பழைய ஆஸ்டர் தியேட்டரில்கூட ஒரு காலத்தில் கிரேக்கப் படம்தான் ஓடியது. ஏதென்ஸில் ஃபினோஸ் ஃபிலிம் என்ற கம்பெனி தயாரித்த குடும்பப் படங்கள், காமெடிப் படங்கள், அலிகி வூயுக்லாகி ஆடிப் பாடிய படங்கள். வாரம் முழுக்க ஃபாக்டரியில் நின்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்களாம். வீடியோ கேசட் வந்தது, அந்தத் தியேட்டர்கள் ஒவ்வொன்றாகப் போயின. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற விழா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அரங்கத்தில் நடக்கிற ஒரு விஷயத்தைத் தங்கச்சி சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எல்லாப் படத்துக்கும் கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடுகிறது. ஒரு சிரிப்பு வசனம் வருகிறது என்று வையுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பேரன் பேத்திகள் சப்டைட்டிலை மொத்தமாக ஒரே பார்வையில் படித்துவிட்டு முதலில் சிரித்துவிடுகிறார்கள். காதால் கேட்கிற பாட்டிமார்கள் நடிகர் சொல்லி முடித்த பிறகு ஒரு நொடி கழித்துச் சிரிக்கிறார்கள். ஒரே அரங்கத்தில் ஒரே வசனத்துக்கு இரண்டு சிரிப்பு! முதல் சிரிப்பைக் கேட்டுப் பாட்டி திரும்பிப் பேத்தியைப் பார்க்கிறாள், தன் மொழியில் வந்த நகைச்சுவை பேத்திக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பாட்டிக்குத் தெரிகிறது. இதற்காக மட்டுமே ஒரு விழா நடத்தலாம் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் இந்த விழாக்களை நான் மதிப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஊரைவிட்டுப் போனவர்களுக்கு ஊரின் அழகான பக்கத்தை மட்டும் காட்டுவது ரொம்ப சுலபம். நீலக் கடல், வெள்ளைச் சுவர், கல்யாணப் பாட்டு. டிக்கெட்டும் விற்கும். அவர்கள் அதையும் போடுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. இன்றைய கிரேக்க சினிமா சுகமான சினிமா அல்ல. யோர்கோஸ் லாந்திமோஸ் 2009-இல் எடுத்த டாக்டூத் படத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், கான் விழாவில் பரிசு வாங்கி ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன படம். வளர்ந்த மூன்று பிள்ளைகளைப் பெற்றோர் மதில் சுவருக்கு வெளியே விடாமல் வளர்க்கிறார்கள், வெளி உலகத்தைப் பற்றி எல்லாவற்றையும் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொடுத்து. குடும்பம் என்றால் கோயில் என்று நம்புகிற சமூகத்திலிருந்து அப்படி ஒரு படம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இந்த மாதிரிப் படங்கள் பிடிக்கவே பிடிக்காது, பாதியில் எழுந்துபோன கதையும் உண்டு. ஆனாலும் அடுத்த ஆண்டு டிக்கெட் வாங்குகிறார். பேத்தி அவரோடு காரில் வீடு வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டு வருகிறாள். அறுபதுகளில் விட்டுவிட்டு வந்த ஊர் அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்க அந்தப் பாட்டியை யாரும் விடவில்லை. அதுதான் மரியாதை என்பேன்.

எங்கள் மாடிக்கு வருகிறேன். இங்கே நாங்கள் போட்ட கிரேக்கப் படங்களில் மறக்க முடியாதது தாசோஸ் பூல்மெடிஸ் 2003-இல் எடுத்த எ டச் ஆஃப் ஸ்பைஸ். இஸ்தான்புல்லில் ஒரு கிரேக்கத் தாத்தா மளிகைக் கடை வைத்திருக்கிறார். மிளகு, பட்டை, சீரகம் எல்லாம் வைத்துக்கொண்டு பேரனுக்கு வானசாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறார். கறி உருண்டையில் சீரகம் போடாதே, பட்டை போடு என்று ஒரு இடத்தில் சொல்வார், சீரகம் மனுஷர்களைத் தங்களுக்குள் சுருங்க வைக்கும், பட்டை ஒருவரை ஒருவர் முகம் பார்க்க வைக்கும் என்று. எங்கள் கூட்டத்துப் பெண்கள் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை, சீரகத்துக்கு ஆதரவாக அன்றைக்கு ஒரு கட்சியே கிளம்பியது.

பிறகு கதை 1964-க்குள் போகிறது. சைப்ரஸ் தீவில் கிரேக்கர்களுக்கும் துருக்கியர்களுக்கும் இருந்த மோதலை வைத்துத் துருக்கி அரசு, கிரேக்கக் குடியுரிமை வைத்திருந்தவர்களை இஸ்தான்புல்லிலிருந்து வெளியேற்றியது. வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 12,000 பேர், குடும்பம் குடும்பமாகக் கூடப் போனவர்கள் அதைவிட அதிகம். எடுத்துப்போக அனுமதித்தது 20 கிலோ சாமானும் 20 டாலர் மதிப்புள்ள பணமும்தான். சிறுவனின் குடும்பம் ஏதென்ஸ் போகிறது, தாத்தா இஸ்தான்புல்லிலேயே தங்கிவிடுகிறார், ஒருநாள் வருவார் வருவார் என்று அந்தப் பையன் காத்துக்கொண்டே வளர்கிறான். துருக்கியில் அவர்களைக் கிரேக்கர் என்று துரத்தினார்கள், கிரீஸில் துருக்கிக்காரர் என்று ஒதுக்குகிறார்கள்.

அன்றைக்குப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் பர்மாவிலிருந்து திரும்பியவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே போனது உங்களுக்குத் தெரிந்ததுதான். ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள், 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், சுமார் 3 லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அதே 1964-இல்தான் இலங்கையில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழர்களைப் பிரித்துக் கணக்குப் போட்டு அனுப்பியது. மூன்று கடல்களின் கரையில் ஒரே ஆண்டில் ஒரே மாதிரி வேலை நடந்திருக்கிறது, எந்தப் பள்ளிப் பாடத்திலும் நான் இதைச் சேர்த்துப் படித்ததில்லை, ஒரு கிரேக்கப் படம் வந்து சேர்த்து வைத்தது.

படத்தில் ஒரு இடம். வெளியேற்ற உத்தரவு கொண்டுவந்த அதிகாரி, சிறுவனுடைய அப்பாவின் காதோரம் ரகசியமாக ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்று அப்பா வீட்டில் யாருக்கும் சொல்வதில்லை. பல வருஷம் கழித்து ஒருநாள் சாப்பாட்டு மேசையில் உடைகிறார். மதம் மாறினால் நீங்கள் இங்கேயே இருக்கலாம் என்றாராம் அந்த அதிகாரி. நான் ஐந்து நொடி யோசித்தேன், என் வாழ்க்கையிலேயே மோசமான ஐந்து நொடி அது, ஏன் என்றால் எனக்கு அந்த ஊர் அவ்வளவு பிடிக்கும் என்று அழுகிறார்.

எங்களிடம் தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஆங்கில வரியைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார், கொஞ்ச நேரத்தில் அவர் குரல் பழகிவிடும், நடிகர்களே பேசுகிற மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் அவர் குரல் கம்மிப்போய் நின்றுவிட்டது. பர்மாக்காரர்தான், "சொல்லுங்க சார், என்ன சொன்னாரு?" என்று கேட்டார். சார் சொன்னார். படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு அவர் எங்களிடம், "ரங்கூன் வீட்டு வாசல்ல எங்கப்பா ஒரு நாள் முழுக்க நின்னாரு. கப்பலுக்கு நேரமாச்சுன்னு அம்மா கத்துது, அவரு நகரல. ஏன்னு நான் கேட்டதே இல்ல தம்பி" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே இது அதுவரை தெரியாது.

இன்னொரு படம் தியோ ஆஞ்சலோபூலஸின் தி ட்ராவலிங் ப்ளேயர்ஸ், 1975. இதைப் போட வேண்டாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். 230 நிமிஷம். மொத்தமே சுமார் 80 ஷாட்தான், ஒரு ஷாட் ஆரம்பித்தால் முடியவே முடியாது. நான் பிடிவாதமாகப் போட்டதற்குக் காரணம் கதை. ஒரு நாடகக் கம்பெனி 1939-இலிருந்து 1952 வரைக்கும் ஊர் ஊராகப் போய் ஒரே நாடகத்தைப் போட முயல்கிறது. கோல்ஃபோ என்ற ஆட்டிடைப் பெண்ணின் காதல் கதை. ஒவ்வொரு முறையும் நடுவில் ஏதாவது வந்து நின்றுவிடுகிறது. சண்டை, குண்டு, ராணுவம், கைது. ஒரு இடத்தில், தன் அப்பாவைக் காட்டிக்கொடுத்தவனையும் அம்மாவையும் மகன் மேடையிலேயே வந்து சுட்டுவிடுகிறான், சபை அதையும் நாடகம் என்று நினைத்துக் கைதட்டுகிறது. கிரீஸில் ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே எடுக்க ஆரம்பித்த படம் இது. அதே தெருவில் நடிகர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், கேமராவை வெட்டாமலே வருஷம் மாறிவிடும். எப்போது மாறியது என்று நமக்குத் தெரியாது, சுவரில் ஒட்டியிருக்கிற தேர்தல் நோட்டீஸைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கென்றே பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தேன். திருவிழாக்களில் வள்ளி திருமணம், அரிச்சந்திரா என்று ராஜபார்ட் வேஷம் கட்டியவர். தூங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் கடைசி வரைக்கும் சம்மணம் கட்டி உட்கார்ந்திருந்தார். அரசியல் அவருக்குப் புரியவில்லை, நாங்களும் விளக்கவில்லை. அவர் கவனித்தது வேறு. நடிகர்கள் ரயிலடியில் இறங்கிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டமாக, யாருமில்லாத தெருவில் நடந்து வருகிற காட்சி திரும்பத் திரும்ப வரும். "வேஷப் பெட்டிய யாரு தூக்குறா பாருங்க தம்பி, சின்னவன்கிட்டக் குடுக்கல, அவங்கவங்க பெட்டி அவங்கவங்க கைல. அதான் முறை" என்றார். மகனைப் புதைக்கிற இடத்தில் கம்பெனிக்காரர்கள் அழாமல் குழிக்கு முன்னால் நின்று கைதட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு நேராக உட்கார்ந்தார். எத்தனையோ விமர்சனக் கட்டுரை படித்திருக்கிறேன், அந்தப் படத்தை அவரைப் போல் பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆஞ்சலோபூலஸ் 2012 ஜனவரியில் அடுத்த படத்தின் ஷூட்டிங்கில் இருந்தபோது மோட்டார் பைக் மோதி இறந்துபோனார். எங்கள் மாடியில் இப்படி ஒரு ரசிகர் அவருக்கு இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சரி, இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், வெளிநாட்டில் இருக்கிற நம் டெல்டாக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. கோயில் கும்பாபிஷேகம் என்றால் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் வந்து குவிகிறது, நல்லது, வரட்டும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நடிகர்களை அழைத்து மேடை போடுகின்றன, அதுவும் இருக்கட்டும். ஆனால் வருஷத்தில் ஒரு வாரம், நீங்கள் இருக்கிற ஊரில் ஒரு சின்ன அரங்கத்தை வாடகைக்கு எடுத்து, பெரிய ஹீரோ இல்லாத தமிழ்ப் படங்களை, குறும்படங்களை, ஆவணப்படங்களைப் போடுங்கள். நல்ல சப்டைட்டிலோடு போடுங்கள், இது ரொம்ப முக்கியம், உங்கள் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்துபோன பிறகு இங்கே ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள், ஆற்றில் மணல் போனபிறகு கிணறு எப்படி இருக்கிறது, வயலில் நடவுக்கு இப்போது எங்கிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று காட்டுகிற படங்களையும் தேடிப் பிடித்துப் போடுங்கள். நீங்கள் கிளம்பிப் போன அன்றைக்கு இருந்த ஊர் இப்போது இல்லை. அதைச் சொல்ல உங்கள் அம்மா போனில் வாய் திறக்க மாட்டார், படம் சொல்லும்.

செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிரேக்கர்களுக்கும் சங்கம் இருக்கிறது, வங்கி விளம்பரதாரராக வருகிறது, சங்கத்தில் வேலை செய்கிற தொண்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் இல்லாமலும் தொடங்க முடியும். எங்களிடம் இருப்பது ஒரு பழைய புரொஜெக்டர், கல்யாண மண்டபக்காரர் கொடுத்த வெள்ளைத் துணி, இரண்டு ஸ்பீக்கர்.

கிரேக்கப் படத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை இது. முதலில் எ டச் ஆஃப் ஸ்பைஸ். பிறகு காகோயானிஸின் ஸோர்பா தி கிரீக், 1964, மிக்கிஸ் தியோடராகிஸின் இசைக்காகவே பார்க்கலாம். அப்புறம் ஆஞ்சலோபூலஸின் லேண்ட்ஸ்கேப் இன் தி மிஸ்ட், அப்பாவைத் தேடிக்கொண்டு இரண்டு சின்னப் பிள்ளைகள் ஜெர்மனிக்கு ரயில் ஏறுகிற கதை, எலெனி கராயிண்ட்ரூவின் இசை நெஞ்சைப் பிடித்து நிறுத்தும். அது பிடித்துவிட்டால் 1998-இல் கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனையை வாங்கிய எடர்னிட்டி அண்ட் எ டே. லாந்திமோஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகு.

வருகிற பங்குனியில் நாங்கள் போடப்போவது ரெம்பெடிகோ. 1983-இல் வந்த படம், பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி வாங்கியது. 1922-இல் ஸ்மிர்னாவிலிருந்து (இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம்) அகதிகளாக வந்தவர்கள் கிரேக்கத் துறைமுகங்களில் பாடிய பாட்டும் ஒரு பாடகியின் வாழ்க்கையும். பக்கத்துத் தெரு நாதஸ்வரக்காரர் கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மன்னார்குடிப் பக்கம் இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் வரலாம். சாப்பிட்டுவிட்டு ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், பாய் இருக்கிறது, கொசுவர்த்தி நாங்கள் வைத்துவிடுகிறோம், தண்ணீர் பாட்டில் மட்டும் அவரவர் கொண்டு வந்தால் உதவியாக இருக்கும்.